கலங்கல்

இரண்டாம் கட்டடத்தில் இன்னும் மருந்து நிரப்பவில்லை.
நிரப்பியது வெறும் ரசம்.
சோயாவில் காய்ச்சிய, வைக்கோல் நிறத்து,
கிருமிக்குப் பிடித்த ரசம்.
நாலாயிரத்து எழுநூறு குப்பிகள்.
ஏழு நாள் மிதமான அறையில்,
ஏழு நாள் சித்திரை இரவாய்ப் புழுங்கும் அறையில்.
விருந்து வைத்துவிட்டு
யாரும் வந்துவிடக்கூடாதே என்று
காத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கரட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கல் வெட்டுகிறார்கள்.
மாலைக்குள் என் வண்டி இருக்கையில்
விபூதி பூசியதுபோல் தூசி.
உள்ளே நாலு கதவு.
ஒன்று மூடினால்தான் அடுத்தது திறக்கும்.
தூசியால் தாண்ட முடியாது.
மனுஷர் தாண்டலாம்.
சிக்கலே அதுதான்.

வியாழக்கிழமை திறப்புவிழா.
ஐந்து ரோட்டிலிருந்து தோரணம்.
முந்நூறு பேருக்குத் தட்டுவடை செட்
சொல்லியாகிவிட்டது.
கருங்கல் பலகையில் தேதி வெட்டி
மேலே மஞ்சள் துணி போட்டாகிவிட்டது.

பாதி கறுப்பு, பாதி வெள்ளைப் பலகை.
விளக்குக்குக் கீழே ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து
கறுப்பில் ஐந்து விநாடி,
வெள்ளையில் ஐந்து விநாடி.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று.
ஆத்தூர் ரோட்டு ஆலையில்
ஜவ்வரிசி கழுவிய தண்ணீர்போல,
அடியில் ஒரு புகை.

கண்ணை மூடினேன். திறந்தேன்.
அங்கேயே இருந்தது.
செங்கொடியைக் கூப்பிட்டேன்.
பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் பேனாவை நீட்டினாள்.

இளங்குமணன் சார் மூன்று தடவை கவிழ்த்தார்.
"கண்ணாடியிலயே கோளாறா இருக்குமோ?"
"கண்ணாடி தெளிவு சார். உள்ளதான்."
"நாலாயிரத்து எழுநூத்துல ஒண்ணு."
"ஆமா சார். ஒண்ணு."
ஜன்னல் வழியே பந்தலைப் பார்த்தார்.
ஏணிமேல் ஒருவன்
காகித வளையத்தைக் கட்டிக்கொண்டிருந்தான்.
எங்கள் எண்ணிக்கைக்கு
விதி அனுமதிப்பது பூஜ்யம்.
அதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.
பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து
என் கையெழுத்துக்குக் கீழே
தன்னுடையதையும் போட்டார்.

ராத்திரி வரைக்கும் கேமராப் பதிவை ஓட்டினோம்.
பதினொன்று ஏழு.
சாய்ந்துபோன ஒரு குப்பியை நிமிர்த்த
திறந்த வாய்களுக்கு மேலே
ஒரு கை நீள்கிறது.
வெள்ளை அங்கி, கண்ணாடி, முகமூடி,
ஆள் தெரியவில்லை.
தோளில் எண் தெரிந்தது. பதினேழு.
"சாஞ்சு கெடந்துச்சு" என்றாள் செங்கொடி,
"வீட்ல டம்ளர் சாஞ்சா நிமித்த மாட்டமா,
அப்பிடித்தான் கை போயிருச்சு."
யாரும் திட்டவில்லை.
அவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

காலையில் பெரியாண்டி வந்து
கல்லில் தேதியைத் தேய்த்தார்.
அடுத்த தேதி கேட்டார்.
"பதினாலு நாளு, மூணு தடவ.
மூணும் தெளிஞ்சு வரணும்."
"அப்ப வருசத்த மட்டும் வெட்டிறட்டுமா?"
"வருசத்தையும் பென்சில்ல எழுதுங்கண்ணே."

வாரம் தவறாமல் கூப்பிடுவாள் ஃபிலோமினா.
நாகலூருக்கும் மேலே அவள் துணை மையம்.
இப்போது அவளுக்குப் போவது பத்துப் பேர் குப்பி.
திறந்தால் நாலு மணி நேரம்,
அப்புறம் கொட்ட வேண்டும்.
மூன்று குழந்தை வந்தால் உடைப்பதா,
காப்பித் தோட்டம் தாண்டி வந்தவளை
இன்னும் ஏழு பேர் சேரட்டும் என்று
திருப்பி அனுப்புவதா?
ரெண்டு பேர் குப்பிக்காகத்தான்
இந்த இரண்டாம் கட்டடம்.

"எப்பத்தான்டி வரும்?"
"தள்ளிப்போச்சு."
"கலங்கிருச்சா?"
"ஒண்ணு."
அந்தப் பக்கம் தகரத்தில் மழை.
கொஞ்ச நேரம் அதுதான் பேசியது.
"சரி விடு. இன்னிக்கு நாலு பேரு வந்தாங்க.
ஒடைச்சிட்டேன்."